நாலடி என்று நான் சொன்ன குழி

கிரீஸ் டப்பாவைத் திறந்தேன், பாய். ஊரே மூக்கைப் பொத்தும் அந்த நாற்றம் எனக்கு மட்டும் உங்கள் சட்டை வாசனையாக வந்தது. எடமலைப்பட்டி புதூரில், என் வீட்டுக்குப் பின்பக்க மனையில் நிற்கும் நம் காற்றாலையைப் படுக்கவைத்துப் பேரிங்குக்கு கிரீஸ் போடும் நாள் இன்று. பிரேக் சுவிட்சைத் தள்ளினேன். இறக்கை அடங்கியது. அடங்கிய பிறகும் நூறு எண்ணிவிட்டுத்தான் கிட்டே போக வேண்டும் என்பீர்கள். எண்ணினேன். நாற்பதைத் தாண்டுவதற்குள் உங்களிடம் பேச வேண்டும் போலிருந்தது.

வளைகுடாவில் இருபது வருஷம் கிரேனுக்குப் பாரம் கட்டிவிட்டு நீங்கள் பாலக்கரைக்குத் திரும்பியபோது, நான் நாட்டின் மின்வெட்டைத் தனியொருவனாக ஒழிக்கப் புறப்பட்டிருந்தேன். மூன்று இறக்கை, முப்பதடிக் கம்பம். காவிரிப் பாலம் முழுக்க இனி நம் வெளிச்சம்தான் என்று தெருவில் அறிவித்தும்விட்டேன். இன்றுவரை அது எரிப்பது நாலு பல்பு, ஓட்டுவது ஒரு ஃபேன். காற்று பலமாக அடித்தால்தான் ஃபேன் சுற்றும். அப்போது ஃபேன் எதற்கு என்று என் மனைவி கேட்கிறாள்.

மொட்டை மாடியில் வைக்கலாம் என்றேன். “வீடு பூரா உதறும்ணே. தரையில வைப்போம்.” ஆடிக் காற்றிலேயே ஏற்றலாம் என்றேன். “ஓடுற பஸ்ஸுக்கு டயர் மாத்துவீங்களா?” ஸ்ரீரங்கத்து ராஜகோபுரமே நம் கம்பத்தைப் பார்த்துக் கூசும் என்றேன். அதற்கு மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். டீ சொல்லிவிட்டு, “இன்னொண்ணு விடுங்கண்ணே” என்று கேட்டு வாங்கிய ரசிகர் என் புளுகுக்கு நீங்கள் ஒருவர்தான்.

கம்பத்தை நாலு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பிகளுக்கு நாலு குழி, ஒவ்வொன்றும் நாலடி ஆழம் என்று அளந்து கொடுத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போனீர்கள். மேற்குக் குழியில் இரண்டடியிலேயே பாறை தட்டியது. கொத்தனார் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். கான்கிரீட் போட்டு மூடினோம்.

திரும்பி வந்ததும் கேட்டீர்கள். “நாலு குழியும் நாலடி இருக்குல்லண்ணே?”

“நாலடியா? பாதாளத்துலேர்ந்து ஆதிசேஷன், ‘யாருப்பா மேல தோண்டுறது’ன்னு சத்தம் போட்டான் பாய்!”

சிரித்தீர்கள். “வெளையாட்டு இருக்கட்டும். நாலடி?”

“நாலடி.”

ஏற்றும் நாளன்று மன்னார்புரத்திலிருந்து என் மச்சினன்மார் இருவரும் வேடிக்கை பார்க்க வந்தார்கள். கம்பத்தின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு தள்ளி அவர்களை நிறுத்தினீர்கள். “யாருக்கு என்ன தோணுனாலும் ‘நிறுத்து’ன்னு கத்தலாம். ஏன்னு யாரும் கேக்கக் கூடாது. சரியா?” என்றீர்கள்.

படுத்திருந்த கம்பத்துக்கு அடியில் கீல். மேற்குக் குழியின் கான்கிரீட்டில் பதித்த கொக்கியில், பாரம் இழுக்கும் செயின் பிளாக்கை மாட்டி, பக்கத்திலேயே நின்று நீங்கள் சங்கிலியை இழுக்க, கதவு திறப்பதுபோல் கம்பம் எழுந்தது. மொத்த பாரமும் அந்த இரண்டடியில். கம்பத்தின் தலை ஆள் உயரம் வந்தபோது, கொக்கியைச் சுற்றி மயிரிழைபோல் ஒரு வெடிப்பு ஓடியது. உங்கள் கண் கம்பத்தின் மேல். என் கண் வெடிப்பின் மேல்.

“மாமா, இந்தத் தடவை சொன்னதைச் செஞ்சுட்டீங்களே!” என்று கத்தினான் சின்னவன். நான் இளித்தேன். கொக்கி பிடுங்கிக்கொண்டால் சங்கிலி உங்கள் முகத்தில்தான் அடிக்கும். தெரிந்தும் இளித்தேன் பாய், இரண்டு இழுப்பு வரைக்கும்.

மூன்றாவது இழுப்பில் கத்திவிட்டேன். “நிறுத்து!”

ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை. கண்ணி கண்ணியாக இறக்கினீர்கள். கம்பம் தரையைத் தொட்டதும் உங்கள் காதோரம் போய், “ரெண்டடிதான் பாய்” என்றேன். அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். குழியைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். பிறகு மச்சினன்மார் பக்கம் திரும்பி, “காத்து சரியில்லீங்க. இன்னொரு நாள் வாங்க” என்றீர்கள்.

அன்று ஓர் இலைகூட அசையவில்லை.

பாறையில் துளை போட்டு, கம்பி இறக்கி, அந்தக் குழியை நாம் இருவரும் மறுபடி கட்டினோம். டீ சொன்னீர்கள். “இன்னொண்ணு விடுங்க” என்று மட்டும் கேட்கவில்லை. கேட்க ஒரு வாரம் ஆனது. என் கணக்கில் அந்த ஒரு வாரத்துக்கு எட்டாயிரம் நாள்.

நீங்கள் போய்ச் சேர்ந்த நாற்பதாம் நாள், ஃபாத்திஹா ஓதும்போது உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். உங்கள் மகள் வந்து உட்கார்ந்தாள். “உங்ககூட வேலைன்னா அத்தாவுக்குப் பயமே கெடையாது மாமா. ‘நிறுத்த வேண்டிய எடத்துல நிறுத்தச் சொல்ற மனுசன்’னு சொல்லுவாங்க.”

குழியின் ஆழத்தை நீங்கள் அவளிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. நான் சொன்னேன் பாய், முழுவதையும், ஓர் அங்குலம்கூடக் கூட்டாமல். அந்த இரண்டு இழுப்பையும் சேர்த்துத்தான்.

கேட்டுவிட்டு எனக்கு ஒரு டீ சொன்னாள். “ஆனா நிறுத்தச் சொன்னீங்கல்ல மாமா” என்றாள்.

என் தகுதிக்கு மீறிய பெயர்தான் நீங்கள் கொடுத்துவிட்டுப் போனது. திருப்பித் தர மனமில்லை. அதற்குப் பொருத்தமான ஆளாக ஆகிவிடலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.