ஏழு தண்ணீரில் கழுவிய கினோவா

பதுளை,
2024 மே 6

அன்பு மகள் துவாரகாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நீ அனுப்பிய பொதி சேதமில்லாமல் வந்து சேர்ந்தது. கினோவாப் பைகள் மூன்று, மருமகனின் பழைய குளிர்ச்சட்டை ஒன்று. சட்டை தோளில் கொஞ்சம் பெரிது. ஆனாலும் காலையில் அதைப் போட்டுக்கொண்டுதான் சமைக்கக் குசினிக்குப் போகிறேன்.

தொலைபேசியில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். என் தொலைபேசியை உன் அண்ணா எடுத்துப் பார்ப்பான். பதிலை வீட்டுக்குப் போடாதே. உறையின் பின்னால் இருப்பது பக்கத்து வீட்டு றின்ஸாவின் தையற்கடை முகவரி. அவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

அண்ணாவுக்கு இரத்தத்தில் சீனி 280. சோற்றைக் குறைக்கும்படி கிளினிக்கில் டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதுதான் சோற்றுக்குப் பதிலாக நீ அனுப்பிய இந்தத் தானியம். உன் அண்ணி சிவானுஜா ஆறு மணி பஸ்ஸில் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போய்விடுகிறாள். அம்மா போன பிறகு சமையலை நானே எடுத்துக்கொண்டது உனக்குத் தெரியும். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சாப்பாட்டில் குறை வந்தால் அது சமைத்தவர் தலையில்தான் விழும். அது என் தலை என்றால் அண்ணா யோசிப்பான் என்று நினைத்தேன். பிழையான எண்ணமோ தெரியாது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை முதல் தடவையாகச் சமைத்தேன். சிவப்பரிசி போல நிறையத் தண்ணீர் வைத்து வேகவிட்டுக் கஞ்சியை வடித்தேன். கழுவவில்லை. வெளிநாட்டுப் பையில் இவ்வளவு சுத்தமாக அடைத்து வந்ததைக் கழுவுவானேன் என்று விட்டுவிட்டேன். வாயில் வைத்தால், தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் அளந்து ஊற்றிய குயினைன் கலவையின் கசப்பு. அதோடு, வெந்த ஒவ்வொரு மணியிலிருந்தும் வெள்ளையாக ஒரு சிறு வால் சுருண்டு வெளியே வந்திருந்தது. அண்ணா சாப்பாட்டுக் கோப்பையைக் கண்ணுக்குக் கிட்டத் தூக்கிப் பார்த்தான்.

"புழு," என்றான். "தோட்டத்து லயத்தில புழு அரிசி திண்டு வளந்தவள் எனக்கும் அதைத்தான் தாறாள்."

சமைத்தது நான் என்று சொன்னேன். மெல்லச் சொன்னேனோ என்னவோ. கோப்பை சுவரில் பட்டு உடைந்தது. பிறகு சிவானுஜாவின் தலைமயிரைப் பின்னால் பிடித்து, முகத்தைச் சட்டியோடு வைத்து அழுத்தினான். சட்டியை அடுப்பால் இறக்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வலது கன்னம் இரண்டு அங்குலத்துக்கு வெந்துவிட்டது. பேத்தி லதுஷா மேசைக்குக் கீழே போய்விட்டாள். எட்டு வயதுப் பிள்ளைக்கு எங்கே ஒளிவது என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

நான் எழுந்து நின்றேன். பிறகு உட்கார்ந்தேன்.

காயத்துக்கு நானே மருந்து போட்டேன். கொப்புளம் உடையவில்லை.

இனி நீ விவரமாக எழுத வேண்டியவை. கழுவ வேண்டுமா? எத்தனை தடவை? ஒரு பேணி கினோவாவுக்கு எத்தனை பேணி தண்ணீர்? அந்த வால் வராமல் செய்ய வழி உண்டா? கசப்பும் வாலும் இல்லாதிருந்தால் இது நடந்திராது என்று நினைக்கிறேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அப்பா


ஸ்காபரோ,
2024 மே 27

என் அப்பாவுக்கு,

கடிதத்தை வேலைக்குப் போகும் பஸ்ஸில் வாசித்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை.

கேட்டதற்கு முதலில் பதில். நுண்ணிய கண் உள்ள வடியில் போட்டு நுரை நிற்கும்வரை கழுவுங்கள். நுரைதான் கசப்பு. பிறகு ஈரம் போக வெறும் சட்டியில் வறுங்கள். ஒரு பேணிக்கு ஒன்றே முக்கால் பேணி தண்ணீர். மூடி வைத்து, சிறு நெருப்பில் பதினைந்து நிமிடம். வடிக்கக் கூடாது. வால் வரத்தான் வரும். அது முளை, புழு இல்லை. அது வந்தால்தான் வெந்திருக்கிறது என்று கணக்கு.

இனி நான் கேட்கிறேன். அண்ணி எத்தனை வருடமாக அடி வாங்குகிறா?

நான் அறியாத அண்ணா இல்லை. 1996 மார்ச் 9, சனிக்கிழமை. சொதிக்கு உப்புக் காணாது என்று என் கையைப் பிடித்து முறுக்கினார். மணிக்கட்டு உடைந்த சத்தம் உங்களுக்கும் கேட்டது. நீங்களே மட்டை வைத்துக் கட்டினீர்கள். ஆஸ்பத்திரிக் காயப் புத்தகத்தில் நீங்கள் எழுதியது எனக்கு இன்றும் மனப்பாடம். "துவாரகா, வயது 13. கொய்யா மரத்திலிருந்து விழுந்தது." நான் மரம் ஏறுகிற பிள்ளையே இல்லை, அப்பா.

பனிக்காலத்தில் அந்தக் கையால் ஒரு வாளி தூக்க முடியாது. அதைச் சொல்ல இதை எழுதவில்லை. அதற்கு அடுத்த நாள் அம்மா சொதிக்கு உப்பைக் கூட்டினா. இன்றைக்கு நீங்கள் கினோவாவைக் கழுவப்போகிறீர்கள்.

அண்ணியையும் லதுஷாவையும் அந்த வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போங்கள்.

துவாரகா


பதுளை,
2024 யூலை 2

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பல நாள் திரிந்தேன். அதன் பிற்பாதிக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. முப்பத்தொரு வருடம் அந்தத் தோட்டத்தில் மருந்து கொடுத்தேன். சம்பள நாளுக்கு மறுநாள் பெண்கள் வருவார்கள். ஆடுகிற பல், கிழிந்த காது. தோட்டத் துரைக்கும் தொல்லை வேண்டாம், பொலிசும் மலையேற வேண்டாம் என்று "வழுக்கி விழுந்தது" என எழுதுவதே அங்கு முறை. நான் வரும்போதே இருந்த முறை அது. நான் மாற்றவில்லை. உனக்கும் அதே கையால்தான் எழுதினேன்.

கினோவாவைப் பற்றி எழுதுகிறேன். அதை எழுதுவது எனக்குச் சுலபம். ஒவ்வொரு தடவையும் என்ன செய்தேன் என்று கொப்பியில் குறித்துக்கொண்டு வருகிறேன். ஆறாம் தண்ணீரிலும் நுரை இருந்தது, ஏழாவதில் நின்றது. புட்டுக்கு அரைத்துப் பார்த்தேன், களியாகிவிட்டது. தேங்காய்ப்பால் விட்டுப் பாற்சோறு போலச் செய்தேன். அண்ணா தள்ளிவைத்தான். தள்ளிவைத்தது மட்டும்தான். பிறகு ஒரு நாள் வறுத்து, உன் அளவில் வேகவைத்து, ஆறவிட்டு, கடுகு, கறிவேப்பிலை, பச்சைமிளகாய், லீக்ஸ், கரட் எல்லாம் தாளித்துக் கொட்டி, கடைசியாகத் தேங்காய்ப்பூவும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்தேன். பொலபொலவென்று வந்தது. "அப்பப்பா, இதுக்கெல்லாம் குடுமி இருக்கு," என்று லதுஷா ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் காட்டினாள். சிவானுஜா சிரித்தாள். கன்னத்துத் தோல் இழுபட்டதால் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். அண்ணா கோப்பையை வழித்தான்.

அதன்பிறகு பதினொரு நாள் வீட்டில் யாருக்கும் அடி விழவில்லை. கொப்பியில் அந்த நாட்களையும் குறித்தேன். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன், மகளே.

பன்னிரண்டாம் நாள், போன வெள்ளிக்கிழமை. அண்ணா இரண்டாம் தரமும் போடச் சொன்னான். "இண்டைக்குத்தான் திறமாய் வந்திருக்கு, அப்பா," என்றான். அவன் என்னைப் பாராட்டி எத்தனை வருடமோ. எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தான். அடுத்த கிழமை பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம், வரக் கொஞ்சம் பிந்தும் என்று சிவானுஜா சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள். பிரஷர் குக்கரின் மூடியை எடுத்து அடித்தான். முதல் அடி வாயில். விழுந்த பிறகு மூன்று. நான் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது இதை எழுதும்போதுதான் தெரிகிறது. தாடை இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது. நிலத்தில் இரண்டு பல் கிடந்தது. சட்டியில் மிச்சக் கினோவா சூடாகவே இருந்தது. பிறகு ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்துப் பார்த்தேன். கசப்பு இல்லை. உப்பும் சரி.

ஆஸ்பத்திரியில் தயானி என்ற தாதி, என்ன நடந்தது என்று கேட்டா. நான் வாய் திறக்கு முன் லதுஷா சொன்னாள். "அம்மா வழுக்கி விழுந்தவ." கையைக் கட்டிக்கொண்டு, வகுப்பில் பாட்டு ஒப்புவிப்பது போல. வழுக்கி விழுந்தால் தாடை இப்படி உடையாதே என்று தயானி என்னைப் பார்த்துச் சொன்னா. நான் பிள்ளை சொன்னதுதான் சரி என்று தலையாட்டினேன். சிவானுஜா கண்ணை மூடிக்கொண்டாள்.

பல்லோடு பல்லைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். நாளைக்கு வீட்டுக்கு விடுவார்களாம். என்ன செய்வது என்று எழுது.

அப்பா


ஸ்காபரோ,
2024 யூலை 16

அப்பா,

லதுஷாவுக்கு அந்த வசனத்தை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டீர்கள். அது எங்கள் வீட்டில் தானாகவே வரும்.

நான் இங்கிருந்து பதுளைப் பொலிசுக்குத் தொலைபேசி எடுத்துப் பேசினேன். மரியாதையாகத்தான் கேட்டார்கள். பார்த்தவர் யாராவது வந்து சொல்ல வேண்டும் என்றார்கள். பார்த்தவர் நீங்கள். அன்றைக்கும் நீங்கள், இன்றைக்கும் நீங்கள்.

இனி எனக்கு எழுத வேண்டாம். எழுதினாலும் உறையைப் பிரிக்க மாட்டேன். இன்னொரு கொப்பிக் கணக்கை வாசிக்க எனக்குத் தெம்பு இல்லை.

துவாரகா


மடுல்சீமை,
2024 ஓகஸ்ட் 12

அன்பு மகள் துவாரகாவுக்கு,

எழுத்துக் கோணலாக இருப்பதற்கு மன்னித்துக்கொள். இடது கையால் எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் செல்கிறது.

உன் கடிதத்தை றின்ஸா யூலை 29 அன்று தந்தாள். இரண்டு நாள் யோசித்தேன். உனக்குத் தெரியும், நான் யோசிக்காமல் ஒரு பட்டனும் பூட்டாதவன். புதன்கிழமை அண்ணா வேலைக்கென்று கந்தோருக்குப் போனதும் பையைக் கட்டினோம். லதுஷாவின் புத்தகங்கள், சிவானுஜாவின் மருந்து, மிஞ்சிய ஒரு பை கினோவா. பொலிசுக்குப் போய்விட்டு அப்படியே மடுல்சீமை பஸ் பிடிப்பது என்பது திட்டம். கதவைத் திறந்தால் அண்ணா நிற்கிறான். சீனிக் குளிசையை மறந்து போயிருக்கிறான்.

பையைப் பார்த்தான். சிவானுஜாவின் கட்டிய தாடையைப் பிடித்துக் கதவு நிலையோடு மோதினான். அவளுக்குக் கத்தக்கூட வாயைத் திறக்க முடியாது. நான் இடையில் போய் நின்றேன். எங்கே போறீங்கள் என்று என்னைக் கேட்டான். பொலிசுக்கு, எழுதிக் கொடுக்க என்று சொன்னேன். பொய் சொல்ல நேரம் இருந்தது. சொல்லவில்லை.

"எந்தக் கையால எழுதப்போறீங்கள்?" என்று கேட்டான்.

என் வலது கையை நிலையில் வைத்துப் பிடித்துக்கொண்டு கதவை அடித்துச் சாத்தினான். திறந்து மறுபடியும் சாத்தினான். மூன்று விரல் உடைந்தது. என் வாயிலிருந்து வந்த சத்தம் என்னுடையது என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. எழுபத்தெட்டு வயதுவரை நான் அப்படிக் கத்தியதில்லை. அந்தச் சத்தத்துக்குத்தான் றின்ஸா துணி வெட்டும் கத்தரிக்கோலோடு ஓடி வந்தாள், அவளுக்குப் பின்னால் தெருவே வந்தது. நான் உட்காரவில்லை, துவாரகா. அதை மட்டும் நீ நம்ப வேண்டும்.

பொலிசில் ஒரு தமிழ்ப் பெண் உத்தியோகத்தர் நான் சொன்னதை எழுதினா. சட்டி, குக்கர் மூடி, கதவு எல்லாம் சொன்னேன். தயானியிடம் நான் தலையாட்டியதையும் சொன்னேன். கையெழுத்து வைக்க விரல் இல்லை. இடது பெருவிரலில் மை பூசி அடையாளம் வைத்தேன். தோட்டத்துப் பெண்கள் என் புத்தகத்தில் வைத்த மாதிரியே. அண்ணா இப்போது சிறையில், விளக்கமறியலில் இருக்கிறான். மகனைப் பிடித்துக் கொடுத்த தகப்பன் என்று சொந்தக்காரர் சொல்கிறார்களாம். உண்மைதானே.

இங்கே சிவானுஜாவின் தாய் மீனாம்பாளின் தொழிலாளர் லயத்து வீட்டில் இருக்கிறோம். முன்பு நான் மருந்து கொடுத்த அதே தோட்டம். முதல் நாள் என் கைக்கட்டை மாற்றிவிடும்போது மீனாம்பாள் கேட்டா.

"மீனாம்பா விழுந்தான்னு எத்தன வாட்டி எழுதுனீங்க, ஐயா? நா ஒரு நாளும் விழுந்ததில்லீங்க."

கோபமாகக் கேட்கவில்லை. கட்டை இறுக்கி முடிந்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டா.

கம்பியை அடுத்த கிழமை கழற்றுவார்கள். அதுவரை சிவானுஜா உறிஞ்சித்தான் குடிக்க வேண்டும். நேற்றுக் கினோவாவை ஏழு தண்ணீரில் கழுவினேன், ஒற்றைக் கையால். வறுத்து, குழைய வேகவைத்து, மீனாம்பாள் அம்மியில் அரைத்துத் தர, வடித்துக் கஞ்சியாக்கினேன். லதுஷா கிளாசைப் பிடித்துக்கொண்டாள். சிவானுஜா ஒரு வாய் உறிஞ்சினாள். பிறகு மூடிய பல்லுக்குள்ளால், "உப்பு பத்தல, மாமா," என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். லதுஷா மேசையைத் தேடினாள். இந்த வீட்டில் மேசை இல்லை. ஒன்றும் உடையவில்லை. மீனாம்பாள் உப்புப் போத்தலைத் தள்ளிவிட்டா. சிவானுஜா ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கிக் குடித்தாள். மிச்சத்தை நாங்கள் மூவரும் குடித்தோம். உப்புக் குறைவுதான்.

நீ இந்த உறையைப் பிரிக்க மாட்டாய் என்று எழுதியிருக்கிறாய். உன்னைப் பிழை சொல்ல மாட்டேன். அதனால், கட்டாயம் சொல்ல வேண்டியதை உள்ளே வைக்கவில்லை. உன் முகவரிக்குக் கீழே, வெளியில் எழுதப்போகிறேன். இரண்டு நாட்டுத் தபால்காரரும் வாசிப்பார்கள். வாசிக்கட்டும்.

உன் அப்பா,
சுந்தரலிங்கம்


[உறையின் முன்பக்கத்தில், முகவரிக்குக் கீழே]

1996 மார்ச் 9. துவாரகா, வயது 13. மரத்திலிருந்து விழவில்லை. அண்ணன் விஜேந்திரன் கையை முறுக்கி உடைத்தான். பார்த்தவர்: தகப்பன்.