மூங்கில் குருத்துக்கு விழுந்த ஓட்டுகள்

பொன்னம்பேட்டை,
கக்கட மாதம், மழை விடாத வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மகன் மந்தண்ணாவுக்கு உன்னைப் பெற்ற அவ்வா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், மாடுகள் நலம், காப்பிச் செடிகள்தான் இந்த மழை தாங்காமல் காயை உதிர்த்துக்கொண்டு நிற்கின்றன. நீ அந்த ஆக்லாந்துக் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கின் முன்னால் நின்று சொல்லிக்கொள்கிறேன். அவ்வா ஏன் போனில் பேசாமல் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறாள் என்று யோசிப்பாய். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ நாலு சொல்கிறாய். தாள் என்றால் கடைசி வரி வரை கேட்டுத்தான் ஆகவேண்டும்.

நம் பின்கட்டு வீட்டில் குடியிருக்கும் சிவலீலாவைப் பற்றிப் போன வாரம் போனில் பாதிதான் சொன்னேன், அதற்குள் உனக்குக் கோபம் வந்துவிட்டது. கலபுரகிப் பெண், வங்கியில் வேலை, கணவன் பெங்களூரில், கூட ஒரு குட்டிப் பெண். வந்து ஒரு வருஷம் ஆகவில்லை, ஆனாலும் சோள மாவில் ஜோள ரொட்டி தட்டினால் எங்களுக்கு இரண்டு கொண்டுவந்து வைக்காமல் சாப்பிட மாட்டாள். அவள் கோணிக்கொப்பல் சந்தையில் மூங்கில் குருத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கி வந்திருக்கிறாள். நாங்கள் அன்றைக்கு விராஜப்பேட்டையில் உன் அத்தை வீட்டில் இருந்தோம். கேட்க ஆள் இல்லை, போனைக் கேட்டிருக்கிறாள். கேள்வி பதில் போடும் அந்தத் தளத்தில் முதல் பதில், அதிக ஓட்டு வாங்கிய பதில், உன்னுடையது. ஒரு ராத்திரி தண்ணீரில் போட்டால் போதும், வேகவைத்துக் கொட்டினால் ருசி ஓடிப்போகும், அப்படியே தாளித்து வதக்குங்கள், எங்கள் அவ்வா இப்படித்தான் செய்வாள் என்று எழுதியிருக்கிறாய். மழைச் சத்தம், அடுப்புப் புகை, அவ்வாவின் கை என்றெல்லாம் வேறு. எனக்கே வாயில் எச்சில் ஊறியது மந்தா, அவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாய். அவள் அப்படியே செய்து சாப்பிட்டுவிட்டாள். நாங்கள் திரும்பி வரும்போது திண்டாடிக்கொண்டிருந்தாள், வாந்தி, தலைசுற்றல், மூச்சு இழுக்கிறது, அப்பா ஜீப்பை எடுத்தாரோ இல்லையோ, ஆஸ்பத்திரி வாசலில்தான் நிறுத்தினார். சரியாக வேகாத குருத்தின் விஷம், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். குழந்தை வாசனை பிடிக்கவில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டதாம்.

இதைச் சொன்னதற்கு நீ என்ன சொன்னாய்? "அது என் அபிப்பிராயம் அவ்வா, பிடிச்சவங்க ஓட்டுப் போட்டிருக்காங்க, ஆயிரக்கணக்கான பேர் தப்பா சொல்வாங்களா, அவ வேற எதையாவது சாப்பிட்டிருப்பா" என்றாய். பன்றிக் கறிக்கு அரிசி உருண்டைக் கடம்புட்டா ரொட்டியா என்று கேட்டால் அது அபிப்பிராயம். அதற்கு ஊரே கூடி ஓட்டுப் போடட்டும், நானும் கடம்புட்டுக்குப் போட்டிருக்கிறேன். குருத்தில் விஷம் இருக்கிறதா இல்லையா என்பதற்கு என்ன ஓட்டு? நாம் கை தூக்கிக் கேட்டால் அது இறங்கி வெளியே போய்விடுமா?

நீ வேண்டுமென்று பொய் எழுதவில்லை, அது எனக்குத் தெரியும், அதை யோசித்து யோசித்துத்தான் கண்டுபிடித்தேன். நீ மைசூர் ஹாஸ்டலிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் வருவாய். குருத்தை நான் புதன்கிழமையே நறுக்கி, கொட்டகை ஓரத்து நீலப் பீப்பாயில் போட்டு, தினமும் தண்ணீர் மாற்றி, நீ வரும் அன்று காலையில் மூடாத அண்டாவில் கொதிக்கவைத்து அந்தத் தண்ணீரையும் கொட்டியிருப்பேன். அப்புறம் ஒரு ராத்திரி நல்ல தண்ணீரில் அடுப்படியில் இருக்கும். நீ பார்த்தது அந்த ஒரு ராத்திரியை மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை வதக்குவதைப் பார்த்தாய், தின்றாய், பஸ் ஏறினாய். பார்த்ததை எழுதியதில் தப்பில்லை. நான் பார்த்தது இவ்வளவுதான் என்று எழுதாமல், இதுதான் செய்முறை என்று எழுதினாயே, தப்பு அங்கேதான்.

நானும் சும்மா இருக்கவில்லை. அந்தத் தளத்தில் என் பெயரிலேயே சேர்ந்து, உன் பதிலுக்குக் கீழே சரியான முறையை எழுதிப் போட்டேன். ஒரே ஒரு ஓட்டு விழுந்தது. நான் சந்தோஷப்பட்டதைப் பார்த்து அப்பா, "ரொம்பத் துள்ளாதே தேச்சம்மா, அது நான் போட்டதுதான்" என்றார். கூடவே யாரோ ஒருவன், ஆதாரம் எங்கே பாட்டி என்று கேட்டிருந்தான். பாட்டியாம்! கோபம் கோபமாக வந்தது. ஆனால் கேள்வி நியாயம்தானே. வனக் கல்லூரியில் பாடம் எடுக்கும் ஒரு அம்மாவைப் போய்ப் பார்த்தேன். அவள் விவரமாகச் சொன்னாள், எனக்கே புதிசாக ஒன்றும் சொன்னாள். ஊறவைப்பது மட்டும் போதாது, மூடாமல் நன்றாகக் கொதிக்கவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டுவதுதான் பெரிய காரியம், எவ்வளவு நேரம் என்பது மூங்கில் ஜாதியைப் பொறுத்து மாறும் என்றாள். நான் இத்தனை வருஷமாக ஊறவைப்பதுதான் பெரிசு என்று நினைத்திருந்தேன். உடனே என் பதிலைத் திருத்தினேன். இது எங்கள் வீட்டு வழக்கம், இது கல்லூரியில் சொன்னது, இது எனக்குத் தெரியாது என்று பிரித்துப் பிரித்து எழுதினேன். அதற்கும் ஓட்டு விழவில்லை, விழாவிட்டால் போகட்டும்.

ஆனால் என் பதிலை யாரும் கீழே வரை போய்ப் படிக்கப் போவதில்லை மந்தா. கக்கடம் இன்னும் முடியவில்லை, சந்தையில் குருத்து குவிந்து கிடக்கிறது, உன் பதில் இன்னும் உச்சியிலேயே உட்கார்ந்திருக்கிறது. அதை நீதான் திருத்த வேண்டும், அதுவும் இன்றைக்கே. ஓசைப்படாமல் அழித்துவிட்டு ஒதுங்காதே, ஏற்கனவே படித்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? நான் தவறாக எழுதினேன், ஒருவர் சாவின் வாசல் வரை போய் வந்தார் என்று மேலேயே எழுது, சரியான முறையை அதற்குக் கீழே எழுது. உன் பெயருக்குப் பக்கத்தில் அவர்கள் கொடுத்திருக்கும் பதக்கம் போனால் போகட்டும். நீ எழுதும் வரை உன் வீடியோ அழைப்பை எடுக்கப் போவதில்லை, அப்பாவும் எடுக்க மாட்டார், போனை நான் வைத்திருக்கிறேன்.

வெந்நீரில் குளி, கம்பளிச் சட்டையைத் துவைக்கப் போட்டுவிட்டு மாற்று இல்லாமல் திரியாதே. இக்குத்தப்பன் சாமியும் நம் முன்னோர் குருகாரணரும் உனக்குத் துணை நிற்கட்டும், காவேரம்மை உன் புத்தியைத் தெளிவாக வைக்கட்டும்.

ஒன்று மறந்துவிட்டேன். அதை எழுதியது என் மகன்தான் என்று நேற்று சிவலீலாவிடம் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "சமைக்கறதுக்கு முன்னாடியே நானும் அதுக்கு ஓட்டுப் போட்டுட்டேன் ஆன்ட்டி, அவ்வளவு நல்லா எழுதியிருந்தாரு" என்றாள். இப்போதாவது அதைத் திரும்ப எடுத்துக்கொள் அம்மா என்றேன். "வேண்டாம் ஆன்ட்டி, உங்க பையன் எப்படியும் திருத்துவாரு, அப்புறம் அது நல்ல பதிலாத்தானே இருக்கும்" என்று சொல்லிவிட்டாள். அவள் ஓட்டு இன்னும் அங்கேயே இருக்கிறது.

உன் அவ்வா,
தேச்சம்மா