முப்பத்தெட்டில் அணைகிற போன்

பிப்ரவரி 9

பாலத்தின் மேல் சோப்புத்தூள் லாரி கவிழ்ந்து ஆறு மூன்று நாள் நுரைத்துக்கொண்டு ஓடிய வருஷம் இது. பெரிய தபால் ஆபீசை மூடிவிட்டு அதில் செருப்புக்கடை வைத்த வருஷம். என் தங்கையின் புருஷன் மூன்று தடவை சாகக் கிடந்து எழுந்து, எல்லோருக்கும் அலுத்துப்போன பிறகு, ஆஸ்பத்திரிக்கே போகாமல் செத்த வருஷம். எண்ணில் சொல்லத் தெரியாதா என்றால், தெரியும். எனக்கு எழுத்துதான் தெரியாது, எண் தெரியும். ஆனால் வருஷத்தை எண்ணால் சொல்கிறவர்களை அந்த வருஷம் என்ன நடந்தது என்று கேட்டுப் பாருங்கள். முழிப்பார்கள்.

நான் பேசுகிறேன், போன் எழுதிக்கொள்கிறது. செய்தி வாசிக்கிறவன் மாதிரிப் பேசினால்தான் இதற்குப் புரிகிறது. வீட்டுப் பேச்சு பேசினால் உளறுகிறது. அதனால் எண்பத்தொரு வயதில் தினமும் செய்தி வாசிக்கிறேன். கேட்பதற்கு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இன்று மாலை ஆறு மணிக்கு மகள் கூப்பிட்டபோது போன் செத்துக் கிடந்தது. இது மூன்றாவது தடவை.

பிப்ரவரி 10

மகள் வைத்த சட்டம் இது. காலை எட்டுக்கு ஒரு தடவை, மாலை ஆறுக்கு ஒரு தடவை கூப்பிடுவாள். எடுத்தால், இந்த இரண்டாம் மாடியில் இரண்டு அறையில் நான் தனியாக இருக்கலாம். மூன்று தடவை எடுக்காவிட்டால் அவள் வீட்டுக்கு மூட்டை கட்ட வேண்டும். அங்கே எனக்கு ஒதுக்கியிருக்கும் அறையைப் பார்த்திருக்கிறேன். துணி துவைக்கிற மெஷின் இருக்கும் அறை. அது சுற்றும்போது கட்டிலும் சேர்ந்து ஆடும்.

"அப்பா, சார்ஜ் போட மறந்துட்டீங்க."

"மறக்கல."

"மறந்ததையும் மறந்துட்டீங்க. அதான் எனக்குப் பயமா இருக்கு."

மறப்பதற்கு இதில் என்ன இருக்கிறது? வீட்டில் இருக்கும்போது நான் சார்ஜரிலிருந்து கழற்றுவதே இல்லையே! மூன்று வருஷமாக ஃப்ரிட்ஜின் தலையில் சார்ஜரோடு இருக்கிறது இந்தப் போன். மதியம் மூன்று மணிக்கு நூறு என்று பார்த்துக் கழற்றி, சட்டைப் பையில் போட்டு, பஸ் நிலைய பெஞ்சில் உட்கார்ந்து செய்தி கேட்கிறேன். மூன்று மணி நேரத்தில் சாகிறது என்றால் கோளாறு பேட்டரியிலா, என் தலையிலா?

மகளுக்குத் தலை என்று முடிவாகிவிட்டது.

பிப்ரவரி 11

மாப்பிள்ளை பேசினார். ஏர் கூலர் விற்கிற கம்பெனியில் ஏதோ மேனேஜர். காற்றை விற்கிறவர், பேச்சும் அப்படித்தான் இருக்கும்.

"மாமா, கடையில குடுத்து பேட்டரி ஹெல்த் பார்க்கச் சொல்லுங்க. ரெண்டு நிமிஷ வேலை."

தெருமுனையில் போனுக்கு உறை விற்கிறவனிடம் கொண்டுபோனேன். நட்சத்திரம், கட்டம் எல்லாம் போட்டு, நடுவில் நாலு ஆறு மூன்று ஆறு என்று தட்டினான். ஒரு பக்கம் திறந்தது.

"பாருங்க தாத்தா, ஹெல்த் குட்னு போட்டிருக்கு."

"எதை வச்சுப் போட்டிருக்கு?"

"அதுவே போடும்."

"யாரைக் கேட்டுப் போடும்?"

"போனைக் கேட்டுத்தான்."

நோயாளியிடமே நலமா என்று கேட்டு, நலம் என்று சொன்னதும் வீட்டுக்கு அனுப்புகிற வைத்தியன். அவன் கடையில் இரண்டாயிரம் உறை தொங்குகிறது. உள்ளே இருக்கும் சாமானைப் பற்றி அந்தக் கடையில் ஒருவனுக்கும் ஒன்றும் தெரியாது. உறை போட்டே பிழைக்கிறார்கள்.

மாப்பிள்ளைக்குப் போனிலேயே அவன் சொன்னான். "அப்ப பேட்டரில ஒண்ணுமில்ல மாமா," என்றார். குரலில் என்ன சந்தோஷம்!

பிப்ரவரி 12

பஸ் நிலைய பெஞ்சிலிருந்து சொல்கிறேன். மணி ஐந்தே முக்கால். சார்ஜ் நாற்பத்தொன்று காட்டுகிறது. மகள் இந்த மாதம் இருபத்துமூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காரோடு வந்து கூட்டிப்போவதாக முடிவு சொல்லிவிட்டாள். வரட்டும். நாற்பது. சட்டையை மடித்து வைக்கச் சொல்லியிருக்கிறாள். என்னுடைய சட்டையை எப்போது மடிக்க வேண்டும் என்று எனக்கு, முப்பத்தொன்பது, எனக்குச் சொல்ல அவள் யா

பிப்ரவரி 13

நேற்று முப்பத்தெட்டில் அணைந்தது. இதற்கு முன்னால் செத்த தடவைகளிலும் அதற்குக் கொஞ்சம் மேலேதான் பார்த்த ஞாபகம். முப்பத்தெட்டு என்று காட்டிக்கொண்டு சாகிற சாமானை நம்பி, பெற்ற அப்பனைச் சந்தேகப்படுகிறாள்.

பிப்ரவரி 14

நான் யார் என்று மாப்பிள்ளைக்குத் தெரியாது. மகளுக்குத் தெரியும், மறந்துவிட்டாள். மறதி யாருக்கு என்று பார்த்துக்கொள்ளலாம்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பேட்டரி ரூமில் முப்பத்துநாலு வருஷம் இருந்தேன். வேலையின் பெயர் பெரிதல்ல. செல்லுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவன், தரை துடைக்கிறவன். ஒரு செல் என்பது இடுப்பு உயரக் கண்ணாடி ஜாடி, அப்படி இருபத்துநாலு, உள்ளே ஈயத் தகடும் ஆசிடும். ஊரில் கரண்ட் போனால் ஊர் முழுக்கப் பேசுவது அந்த இருபத்துநாலை நம்பித்தான். எனக்கு ஒரு சட்டையும் இரண்டு மாதத்துக்கு மேல் நின்றதில்லை. ஆசிட் தெறித்துச் சல்லடையாகும்.

அங்கே முதல் நாளே சொல்லித்தருகிற விஷயம்: சும்மா நிற்கிற செல்லை நம்பாதே. சும்மா நிற்கும்போது செத்த செல்லும் முழுதாகக் காட்டும். சுமை ஏற்று. பத்து மணி நேரம் கரண்ட் இழுக்க விடு. மணிக்கு ஒரு தடவை அளந்து பார். எது நடிக்கிறது என்று அப்போதுதான் தெரியும். வருஷத்துக்கு ஒரு தடவை அந்தச் சோதனை நடக்கும். இருபத்துநாலு செல், பத்து அளவு, இருநூற்று நாற்பது எண். எனக்கு எழுத வராது. மறுநாள் காலையில் இன்ஜினீயர் வந்து உட்கார்ந்ததும் ஒன்றாம் செல்லிலிருந்து சொல்லிக்கொண்டே போவேன், அவர் எழுதிக்கொள்வார். ஒரு தடவை நடுவில் நிறுத்தி, "பதினேழு, ஆறாவது மணி?" என்று சோதித்தார். ஒன்று புள்ளி எட்டு ஒன்பது வோல்ட் என்றேன். இன்றைக்கும் சொல்வேன், ஒன்று புள்ளி எட்டு ஒன்பது.

இந்தத் தலையைத்தான் மெஷினோடு சேர்த்து ஆட்டிப்பார்க்க வருகிறார்கள்.

பிப்ரவரி 15

சுமை ஏற்றிப் பார்த்தேன்.

காலை எட்டுக்கு மகளிடம் பேசி முடித்தேன். ஒன்பதுக்கு நூறு. சார்ஜரைக் கழற்றி, டார்ச்சைப் போட்டு, திரை வெளிச்சத்தை முழுக்க ஏற்றி, சரக்கு ரயில் போகிற வீடியோ ஒன்றை ஓட விட்டேன். எத்தனை பெட்டி! எவனோ நாள் முழுக்க நின்று எடுத்திருக்கிறான், வேலையற்றவன். எதிரே சுவர்க்கடிகாரம். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

ஒன்பதரைக்குத் தொண்ணூற்றுமூன்று. பத்துக்கு எண்பத்தாறு. பத்தரைக்கு எழுபத்தெட்டு. பதினொன்றுக்கு அறுபத்தொன்பது. பதினொன்று இருபதுக்கு ஐம்பத்துநாலு. பதினொன்றரைக்கு முப்பத்தெட்டு. அங்கேயே செத்தது. பெட்டி இன்னும் போய்க்கொண்டிருந்தது.

முழுதாக இருக்கிற பேட்டரி இப்படி விழாது. கடைசியில் மாடிப்படியில் தடுக்கியவன் மாதிரி விழுந்தது. எங்கள் அறையில் இப்படி ஒரு செல் விழுந்தால் சிவப்புச் சாக்குக்கட்டியால் குறுக்கே கோடு போட்டுவிடுவோம். குட்டாம், குட்!

பிப்ரவரி 16

மகளிடம் எண்களைச் சொன்னேன். முழுதும் கேட்டாள். பிறகு,

"இதுக்காக ரெண்டரை மணி நேரம் போனைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தீங்களா?"

"ஆமா."

"சாப்டீங்களா?"

பக்கத்தில் மாப்பிள்ளையின் குரல்: "வயசானா ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டா விடமாட்டாங்க. இதுவே ஒரு அறிகுறி." அறிகுறியாம்! ஏர் கூலர் டாக்டர்.

பிப்ரவரி 19

சட்டையை மடிக்கவில்லை.

பிப்ரவரி 23

வந்தார்கள். மாப்பிள்ளை காலியான இரண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். மூச்சு வாங்கியது. இவர் ஹெல்த் என்ன காட்டுமோ.

காலை எட்டரைக்கே சுமையை ஏற்றி வைத்திருந்தேன். அவர்கள் நுழையும்போது அறுபத்தேழு. மேஜை மேல் ரயில் ஓடிக்கொண்டிருந்தது.

"உட்காருங்க மாப்பிள்ளை. ஒரு அரை மணி நேரம்."

"எதுக்கு மாமா?"

"முப்பத்தெட்டுல அணையும். பார்த்துட்டு மூட்டை கட்டலாம்."

சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. சமையலறைக்குப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தாள், மாத்திரை டப்பாவைத் திறந்து எண்ணினாள். கணக்குச் சரியாக இருந்ததில் அவளுக்கு ஏமாற்றமோ என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இப்போது வெட்கமாக இருக்கிறது. எண்ணி முடித்த மாத்திரையை அவள் மறுபடி முதலிலிருந்து எண்ணியதை அப்புறம்தான் கவனித்தேன்.

ஐம்பத்திரண்டு வந்தபோது மாப்பிள்ளை நாற்காலியை முன்னால் இழுத்தார். நாற்பத்து நாலு. "நாற்பது இருக்கே மாமா, இன்னும் ஒரு மணி நேரம் ஓடும்," என்றார். முப்பத்தொன்பது. முப்பத்தெட்டு. ரயில் நின்றது. டார்ச் அணைந்தது. திரை கறுத்து அதில் மாப்பிள்ளையின் முகம் தெரிந்தது.

மகள்தான் பேசினாள். "அப்ப, அன்னிக்கு நீங்க மறக்கல."

"அன்னிக்கும் இல்ல, அதுக்கு முன்னாடியும் இல்ல."

உட்கார்ந்து அழுதாள். நான் என்ன செய்ய? தண்ணீர் கொடுத்தேன். முப்பத்துநாலு வருஷம் தண்ணீர் கொடுத்த கை.

பேட்டரி மாற்றி ஒரு வாரம் பார்க்கலாம் என்று முடிவாகியது. பெட்டிகள் காலியாகவே இறங்கின.

பிப்ரவரி 24

மார்க்கெட்டுக்குக் கீழே, தரைக்கடியில், போனைப் பிரித்து வேலை செய்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். கண்ணில் ஒற்றைக் கண்ணாடி, காதில் பென்சில். உறை விற்பதில்லை. உட்காரச் சொல்லிவிட்டுத்தான் போனை வாங்கினாள். சூடு காட்டி முதுகைப் பிரித்தாள். பேட்டரி தலையணை மாதிரி உப்பியிருந்தது.

"நல்ல வேளை பெரியவரே. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா கிழிஞ்சு தீப் பிடிச்சிருக்கும். சட்டைப் பையிலயா வச்சிருந்தீங்க?"

"குட்னு சொன்னானே உறைக்காரன்."

"அது இப்போ சூடாகலை, அடிபடலைன்னு சொல்ற குட். எவ்வளவு தேஞ்சிருக்குன்னு சொல்றது வேற. சில போன்ல சதவீதமா காட்டும், எத்தனை தடவை சார்ஜ் ஏறிச்சுன்னும் காட்டும். உங்களுது பழசு, காட்டாது. ஓட விட்டுத்தான் பார்க்கணும்."

"ஓட விட்டேன். ரெண்டரை மணி."

நிமிர்ந்து பார்த்தாள். முதல் தடவையாக ஒரு ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். எண்களைச் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே கேட்டாள். உச்சி குளிர்ந்துவிட்டது எனக்கு. அப்புறம் கேட்டாள்,

"எப்பவும் சார்ஜர்லயே இருக்குமா?"

"எப்பவும். வீட்ல ஒரு நாள் கழட்டினதில்ல. பேட்டரி ரூம்ல இருந்தவன்மா நான்."

"எங்க வச்சு?"

"ஃப்ரிட்ஜ் மேல."

"சூடு இருக்குமே அங்க." மெதுவாகத்தான் சொன்னாள். "ஐயா, அது ஈய பேட்டரி. எப்பவும் நிறைஞ்சே இருந்தாத்தான் அது பொழைக்கும். இது வேற ஜாதி. நாள் முழுக்க நூறுல நிறுத்தி, சூட்டுலயும் வச்சா, உப்பித்தான் சாகும். எண்பது வந்தா கழட்டிடணும்."

அங்கே சார்ஜரைக் கழற்றினால் வேலை போகும். இங்கே கழற்றாததால் போன் போயிருக்கிறது. மூன்று வருஷம், ஒரு நாள் விடாமல், கவனமாக, என் கையாலேயே கொன்றிருக்கிறேன். உறைக்காரன்கூட இதைச் செய்திருக்க மாட்டான். இப்படிக் கொல்வதற்குப் பேட்டரி ரூமில் முப்பத்துநாலு வருஷம் வேலை பார்த்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 26

புது பேட்டரி. மாலை ஆறுக்கு எழுபத்தேழு காட்டியது. மகள் சந்தோஷமாக இருக்கிறாள். கொன்றது யார் என்று அவளிடம் நான் சொல்லவில்லை.

பிப்ரவரி 27

எதற்குச் சொல்ல வேண்டும்? சொன்னால் மாப்பிள்ளை அந்த இரண்டு பெட்டியோடு மறுபடி ஏறுவார். சட்டைப் பையில் தீயை வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறார், அதுவும் அவரே மூட்டிய தீ என்பார். சொல்ல வேண்டாம். பழைய பேட்டரி, வயதாகிச் செத்தது, அவ்வளவுதான். யார் வந்து கேட்கப்போகிறார்கள்?

பிப்ரவரி 28

மேலே குட் என்று காட்டிக்கொண்டு உள்ளே உப்பிக் கிடக்கிறேன். எனக்கே சகிக்கவில்லை.

மார்ச் 1

காலை எட்டு மணிக்குச் சொல்லிவிட்டேன். ஃப்ரிட்ஜ், நூறு, தீ, எல்லாம்.

மறுமுனையில் ஏதோ கரகரத்தது. போன் மறுபடி செத்துவிட்டதோ என்று எடுத்துப் பார்த்தேன். தொண்ணூறு. தொண்ணூறா! சார்ஜரைப் பிடுங்கினேன்.

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா போன பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்கவில்லை.

"உங்களுக்கு மறதி இல்லப்பா. மறக்க வேண்டியதையும் மறக்க மாட்டேங்கறீங்க, அதான் வியாதி."

"மாப்பிள்ளைகிட்ட சொல்லுவியா?"

"ஸ்பீக்கர்லதான் இருக்கு."

"நான் ஒண்ணும் கேட்கல மாமா," என்றார் மாப்பிள்ளை. முதல் தடவையாக ஒரு நல்ல வார்த்தை.

மார்ச் 2

மகள் புதுச் சட்டம் போட்டிருக்கிறாள். நான் இங்கேயே இருக்கலாம். ஆனால் போன் எடுக்காவிட்டால் வந்து கதவைத் தட்ட ஒரு ஆள் வேண்டும், அவரிடம் ஒரு சாவி இருக்க வேண்டும். கீழ்வீட்டுத் தையல்காரர், நான் போன் எடுக்காத ஒரு நாள் மகள் கூப்பிட்டுச் சொன்னதால் பூட்டை உடைத்துக் கையைக் கிழித்துக்கொண்டார், இனி மாட்டாராம்.

"உங்க ஃப்ரெண்டு ஒருத்தர் பேர் சொல்லுங்கப்பா. பக்கத்துல இருக்கறவரா."

யாரைச் சொல்ல? பேட்டரி ரூமில் நாங்கள் ஐந்து பேர். ஆசிட் அளக்கிறவன், ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடுவோம், முதலில் போனான், நுரையீரல். சார்ஜர் பார்த்தவர், எங்கள் எல்லோருக்கும் மாமா, ரிட்டயர் ஆன மறு மாதம் தூக்கத்திலேயே. என் எண்களை எழுதிக்கொண்ட இன்ஜினீயர், மகன் வீட்டில், கடைசியில் தன் பெயரே தெரியாமல். அறைக்கு வெளியே என்றால், என் தங்கை புருஷனைப் பற்றி முன்பே சொன்னேன். பஸ் நிலைய பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டிருந்த டிக்கெட் கவுன்டர்காரர் போன மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார்.

மிச்சம் ஒருவன். அறையிலேயே மந்தமான ஆள். ஒரு செல்லுக்குத் தண்ணீர் ஊற்ற அரை மணி எடுப்பான், பதில் சொல்வதற்குள் கேள்வி மறந்துவிடும். இரண்டு ஸ்டாப் தள்ளித்தான் இருக்கிறான். இருபது வருஷமாகப் பேசவில்லை. தகராறெல்லாம் இல்லை, அவனோடு பேசுகிற பொறுமை எனக்கு இல்லை. கதவைத் தட்ட அவன் வந்து சேர்வதற்குள் நான் இரண்டு தடவை செத்திருப்பேன்.

"அப்பா? யாராவது இருக்காங்களா?"

இருக்கிறான் என்றேன். பெயர் என்ன என்றாள். எங்களில் யாரும் அவனைப் பட்டப்பெயர் தவிர வேறு பெயரில் கூப்பிட்டதில்லை.

ஈயம்.