இடது கைக்கு வரும் பந்து

9 ஜனவரி 2006, திங்கள்

காலையில் மொக்கைச்சாமி ஜீப்பை வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தான். பின்னால் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகும் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"இருதயம் சார், குமுளிக்கு வாறீகளா? நாலு பேரு சேந்து தூக்கி வச்சிருவோம்."

"அரிசி மூட்டையா நான்?"

"மூட்டைன்னா பேசாம வரும்ல!" என்றாள் உள்ளேயிருந்து ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாய் இன்னும் ஒரு பக்கம்தான் சிரிக்கிறது.

கூடலூருக்கு நிருபராக வந்த காலத்திலிருந்து இவன் ஜீப்பில்தான் மலையேறிச் செய்தி எடுத்திருக்கிறேன். பின்படியில் ஏற இரண்டு பக்கக் கம்பியையும் பிடித்து உடம்பை இழுக்க வேண்டும். ஒரு கம்பி போதாது. பக்கவாதத்துக்குப் பிறகு கால் ஓரளவு திரும்பிவிட்டது. இடது கை மட்டும் முழங்கையில் மடங்கி, வயிற்றை ஒட்டியே நிற்கிறது. விரல் மூடும், இறுக்கிப் பிடிக்காது.

நானே ஏறுகிற அன்றைக்கு வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். ஜீப் திருப்பத்தில் மறைந்த பிறகும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கியர் மாற்றும் சத்தத்தை வைத்தே எந்த இடத்தில் போகிறது என்று சொல்லிவிடுவேன். இது ஒரு திறமையா, தண்டனையா?

11 ஜனவரி

வீட்டுக்கு எதிரே தொடக்கப்பள்ளியின் மைதானம். நடுவில் கம்பிவேலி. இத்தனை வருடம் குடியிருந்தும் அதை இன்றுதான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். பகலில் வீட்டில் இருந்தவனா நான்?

விஜி என்று ஒரு டீச்சர் புதிதாக வந்திருக்கிறார். உடற்கல்வி படித்தவர். ஒன்றாம் வகுப்புக்கு விளையாட்டு டீச்சர் வைக்கிற வழக்கம் இந்தப் பக்கம் கிடையாது. நிர்வாகமே பார்த்து வைத்ததாம். தரையில் சுண்ணாம்பால் வளைந்து வளைந்து ஒரு கோடு போட்டு, அதன்மேல் குதிகால் வைத்து விரல் வைத்து நடக்கச் சொல்கிறார். பிள்ளைகள் நான் நடப்பது போலத்தான் நடக்கின்றன. கையை விரித்து, நாக்கைத் துருத்தி, தரையையே பார்த்துக்கொண்டு.

ஆண்டு விழாவுக்கு அணிவகுப்பு பழக்கச் சொல்லியிருக்கிறார் தலைமையாசிரியை. "மொதல்ல ஒத்தக் கால்ல நிக்கட்டும் மிஸ், பெறகு மார்ச் பண்ணட்டும்" என்று விஜி டீச்சர் பதில் சொன்னது வேலி தாண்டிக் கேட்டது.

23 ஜனவரி

இன்று அகப்பட்டுக்கொண்டேன்.

வேலியைப் பிடித்தபடி, பிள்ளைகள் காலைத் தூக்கும்போது நானும் தூக்கி, இறக்கும்போது இறக்கிக்கொண்டிருந்தேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைப்பு. டீச்சர் விசிலை எடுத்துவிட்டுச் சொன்னார்: "சார், அங்கன நின்னு தூக்குறத இங்கன வந்து தூக்குங்க. வரிசையில எடம் இருக்கு."

வயது ஐம்பத்தாறு. போனேன். இடுப்பு உயரத்துக்கு நிற்கும் கூட்டத்தின் கடைசியில் நின்றேன். அடுத்தது நொண்டி அடிக்க வேண்டும். எல்லோரும் ஒரு காலில் தத்திப் போனார்கள். நான் புறப்பட்டதும் ஒரு குரல்:

"டீச்சர், தாத்தா நெசமாவே நொண்டுறாக!"

டீச்சருக்கு முகம் செத்துவிட்டது. எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. செய்தி சரிதான், தலைப்பும் சரிதான்.

30 ஜனவரி

குதித்து இறங்கும்போது முழங்காலை மடக்கினால் சத்தம் வராதாம். பூனை மாதிரி இறங்கச் சொல்கிறார். நான் குதிக்கவில்லை. படியிலிருந்து இறங்கினேன், முழங்காலை மடக்கி. சத்தம் வரவில்லை.

8 பிப்ரவரி

பந்து. பெரிய பிளாஸ்டிக் பந்து, சிவப்பு. டீச்சரின் விதி: "பந்தப் பாரு. கையப் பாக்காத. கை தன்னால வரும்."

எனக்கு வரவில்லை. ஜோதிகா என்றொரு பிள்ளைக்கும் வரவில்லை. ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. ஓடினால் முதலில் வருகிறாள். எறிந்தால் வேலி தாண்டுகிறது. பிடிக்கச் சொன்னால் மட்டும் இடது கை முன்னால் வருவதில்லை. முழங்கையில் மடங்கி இடுப்போடு நிற்கிறது. வலது கையை மட்டும் நீட்டுகிறாள். பந்து தட்டிக்கொண்டு போகிறது. இடுப்பையும் ஒரு பக்கம் ஒடித்தே நிற்கிறாள்.

என் கை போலவே. பார்க்கப் பயமாக இருந்தது.

டீச்சரும் பயந்துவிட்டார். "பொறவியிலயே நரம்புல கோளாறோ என்னமோ சார். ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுக்கணும்."

ஒரு நாள் பொறுக்கச் சொன்னேன். ஒரே இடத்தில் பார்த்ததை வைத்து எழுதிப் பழக்கமில்லை.

9 பிப்ரவரி

சாயங்காலம் தெருமுனைக் குழாய் வரை நடந்தேன். ஜோதிகா அங்கே நின்றாள். இடது இடுப்பில் தம்பி, பெயர் சுருளி, நல்ல கனம். வலது கையால் குடத்தை நகர்த்தினாள், குழாயைத் திறந்தாள், தம்பி மூக்கைத் துடைத்தாள், என்னைப் பார்த்துக் கையும் ஆட்டினாள்.

இடது கை அசையவே இல்லை. அது சுருளியின் கை.

அம்மா சங்கிலியம்மாள் விடியலில் ஜீப்பேறி ஏலத்தோட்டத்துக்குப் போனால் இருட்டித்தான் இறங்குகிறாள். பள்ளிக்கூட நேரம் மட்டும் தம்பி பக்கத்து வீட்டில். மற்ற நேரமெல்லாம் இந்த இடுப்பு. தம்பி இல்லாதபோதும் அந்தக் கை அவனைத் தூக்கிக்கொண்டே நிற்கிறது.

10 பிப்ரவரி

சொன்னேன். விஜி டீச்சர் ஆஸ்பத்திரிக்கு எழுத எடுத்த தாளை மடித்து வைத்தார். பிறகு ஜோதிகாவைக் கூப்பிட்டார். "ஆத்தா, தம்பிய நாளைக்கு எந்தப் பக்கம் தூக்கப் போற?"

"இந்தப் பக்கந்தான்."

"அந்தப் பக்கமும் இடுப்பு இருக்குல்ல?"

அவள் குனிந்து தன் வலது இடுப்பைப் பார்த்தாள், அப்போதுதான் முளைத்தது போல.

27 பிப்ரவரி, திங்கள்

பெரியாறு அணை வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. நூற்று நாற்பத்திரண்டு அடி வரை தண்ணீர் தேக்கலாம். பஸ் ஸ்டாண்டில் வெடிச்சத்தம். மேலே குமுளியில் என்ன நடக்கிறது? கடைகள் திறந்திருக்கின்றனவா? வண்டி விடுகிறார்களா? டீ குடிக்கும் இடத்தில் நம் ஆட்களும் மலையாளத்து ஆட்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்களா, எழுந்து போய்விட்டார்களா? அந்த பெஞ்சைப் பார்த்தால் போதும், நான் எழுதிவிடுவேன்.

மதுரை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "நீங்க ரெஸ்ட் எடுங்க சார். காமராஜை அனுப்பியாச்சு" என்றார்கள். தேனியிலிருந்து வரும் பையன். சுறுசுறுப்பானவன், நல்லவன். ஆனால் அவனுக்கு அந்த பெஞ்ச் தெரியுமா?

எத்தன வருசம் அணையப் பத்தி எழுதி எழுதி... இன்னைக்கு, இன்னைக்குப் பாத்து வாசல்ல ஒக்காந்திருக்கேன். மலை கண்ணுக்கு முன்னாடி நிக்குது. ஏறத்தான் முடியல.

மனைவி அமுதா சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் போனாள்.

28 பிப்ரவரி

காமராஜின் செய்தி முதல் பக்கத்தில். மலையடிவாரத்தில் இருக்கும் லோயர் கேம்பைக் குமுளிக்கு மேலே வைத்திருக்கிறான். போன் செய்து திருத்தினேன். "நன்றி சார், சீக்கிரம் வாங்க சார்" என்றான். மனதாரத்தான் சொன்னான்.

13 மார்ச்

டீச்சர் ஜோதிகாவையும் என்னையும் சோடி சேர்த்துவிட்டார். "ஒங்க ரெண்டு பேருக்கும் ஒரே கை. எதுத்தாப்புல நில்லுங்க."

பந்து வந்தது. விட்டேன். போனது. விட்டாள்.

"தாத்தா, நீங்க கையப் பாக்குறீக," என்றாள்.

"நீயுந்தான பாக்குற?"

"நான் ஒங்க கையப் பாக்குறேன். அது ஏன் மடங்கியே இருக்கு? ஒங்களுக்கும் தம்பியா?"

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது?

"எறக்கி விடுங்க," என்றாள்.

29 மார்ச்

பிடித்துவிட்டாள். இரண்டு கையாலும், நெஞ்சோடு அணைத்து. பிறகு பந்தைக் கீழே விட மனமில்லாமல் மைதானத்தைச் சுற்றி ஓடினாள்.

என் விரல்கள் இன்று பந்தைத் தொட்டன. தொட்டதை உணர்ந்தேன்.

21 ஏப்ரல்

பள்ளிக்கு விடுமுறை வருகிறது. சங்கிலியம்மாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அணக்கரைப் பக்கம் தோட்டத்திலேயே தங்கப் போகிறாளாம். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். ஜோதிகா வேலியருகே வந்தாள், சுருளி வலது இடுப்பில்.

"மலைக்கு ஜீப்புல போறோம் தாத்தா! நீங்க வல்லையா?"

8 மே

தேர்தல். வாக்குச்சாவடிக்கு நடந்தே போய் ஓட்டுப் போட்டுவிட்டு நடந்தே வந்தேன். ஒரு தேர்தல் நாளில் பகல் தூக்கம் தூங்கியது வாழ்க்கையில் இதுவே முதல் தடவை.

20 மே

அலுவலகத்திலிருந்து பேசினார்கள். மிக மரியாதையாக. கம்பம், கூடலூர், குமுளி மூன்றும் இனி நிரந்தரமாகக் காமராஜுக்கு. நான் வீட்டிலிருந்தபடி, முடிந்தபோது, பழைய நினைவுகளை எழுதி அனுப்பலாமாம்.

பழைய நினைவு. எனக்கு வேண்டியது நாளைக்கு என்ன நடக்கும் என்பது.

21 மே

எழுத ஒன்றுமில்லை. மைதானம் காலி. கோடு மழையில் கரைந்துவிட்டது.

12 ஜூன், திங்கள்

பள்ளி திறந்து பத்து நாளுக்கு மேலாகிறது. ஜோதிகா வரவில்லை. விஜி டீச்சர் வேலியருகே வந்து நின்றார்.

"வர மாட்டாக போல சார். சுருளியப் பாத்துக்க ஆளில்லையாம், பக்கத்து வீட்டுக்காரக ஊர மாத்திட்டாகளாம். புள்ள அங்கனயே கெடக்கு. நான் போனா எந்த எஸ்டேட்னு தேட? எனக்கு மலையாளமும் வராது."

அணக்கரைப் பக்கத்து லயங்கள் எனக்குத் தெரியும். எந்தத் தோட்டத்துக் கங்காணி எந்தக் கடையில் பீடி வாங்குவார் என்பது வரை தெரியும். சொல்லிவிட்டு, என் கையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

உள்ளேயிருந்து அமுதா: "அந்தக் கைக்குழந்தைய எங்கிட்ட விடச் சொல்லுங்க. நான் என்ன மலையா ஏறப் போறேன்?"

14 ஜூன்

மொக்கைச்சாமி ஹாரன் அடித்தான். டீச்சரிடம் வாங்கிய பந்தை ஒரு பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அந்த ஜீப் பேசாமல் நின்று நான் பார்த்ததில்லை.

வலது கை கம்பியைப் பிடித்தது. இடது கையைத் தூக்கினேன். அதைப் பார்க்கவில்லை, கம்பியைப் பார்த்தேன். விரல்கள் மூடின. இழுத்தேன். ஒரு கணம் நழுவுவது போல் இருந்தது; பிறகு உட்கார்ந்திருந்தேன்.

"மூட்டை தன்னால ஏறிருச்சுடி!" என்றாள் அன்றைக்குப் பேசிய அதே பெண்.

வளைவுகள், ஈரக்காற்று, குமுளிச் சோதனைச்சாவடி. கண்ணில் நீர் வந்ததற்குக் காற்றைச் சொல்லலாம். டீக்கடை பெஞ்சில் நம் ஆட்களும் அவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். சாவடிக்காரர் அடையாளம் கண்டுகொண்டார். "எந்தா சாரே, வார்த்தையோ?" செய்தியா என்று கேட்கிறார். இல்லை, பந்து என்றேன். பையைத் திறந்து காட்டினேன்.

லயத்தின் வாசலில் ஜோதிகா இருந்தாள். பக்கத்தில் சுருளி நின்றுகொண்டிருந்தான், தன் காலில், சுவரைப் பிடித்து. பந்தை எறிந்தேன். இரண்டு கையாலும் பிடித்தாள்.

சங்கிலியம்மாளிடம் அமுதா சொன்னதைச் சொன்னேன். அவள் களைவெட்டியைச் சுவரில் சாய்த்தாள். "நெசமாவா சார்? பேப்பர்ல போடுறதுக்காக ஏதும் சொல்லலையே?"

"நான் இப்ப பேப்பர்ல இல்லம்மா."

அதற்குப் பிறகுதான் நம்பினாள் என்று நினைக்கிறேன். மாதச் சம்பளம் வாங்கியதும் இறங்கி வருகிறோம், முன்போல ஜீப்பில் போய்வருகிறேன் என்றாள்.

17 ஜூலை, திங்கள்

இன்றைய பேப்பரில் காமராஜ் மறுபடி ஓர் ஊர்ப்பெயரைத் தவறாக எழுதியிருக்கிறான். பேனாவை எடுத்துச் சுழித்தேன். போன் செய்யவில்லை.

விஜி டீச்சர் புதுக்கோடு போட்டிருக்கிறார். சுருளி அமுதாவின் மடியிலிருந்து நழுவி வேலிக்கடியில் புகுந்து கோட்டின் நடுவே வந்து உட்கார்ந்துகொண்டான். "ஏலே, எந்திரிலே!" என்று அவனை அதட்டியபடி ஜோதிகா எனக்கு எதிரே நின்றாள். புது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எனக்கு என்ன வேலை என்று அவளிடம் கேட்டிருக்கிறார்கள். "தாத்தாவும் படிக்கிறாக," என்றாளாம்.

எறிந்தாள். அதே நேரம் ரோட்டில் ஒரு ஜீப் கியர் மாற்றி மலைப்பக்கம் திரும்பியது. மொக்கைச்சாமியுடையது இல்லை, வேறு வண்டி, பாரம் அதிகம். எனக்குள்ளே என்னவோ அதன் பின்னாலேயே போயிற்று. திரும்பிப் பார்க்கவில்லை. பந்து வந்துகொண்டிருந்தது.