பச்சமுத்து பேரை ஏன் எழுதினீர்கள்?

பெருநகர்
11-3-1979

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். ஐதராபாத் சாப்பாடு உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா? இங்கே நான் சுகமாக இல்லை. சுகம் என்று பொய்யாக எழுத எனக்கு வராது.

நேற்றுக் காலை பச்சமுத்து இரண்டு ஆட்களோடு வந்தான். உங்கள் தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்கு வட்டி நின்றுபோனதாம். கிணற்று மோட்டாரைக் கடப்பாரை போட்டுப் பெயர்த்தார்கள். குறுக்கே போய் நின்றேன். மண்வெட்டிக் காம்பால் என் இடது கையில் ஓங்கி அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. உத்திரமேரூர் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தேன்.

அடித்தபோதே போலீசுக்குப் போவேன் என்றேன். சிரித்தான். "போயேன். உன் புருசன் நல்லவன்னு சொல்றதுக்கு சர்க்காருக்கு என் பேரத்தான் எழுதிக் குடுத்துகிறான். விசாரிக்க ஆபீசர் வந்தா நான் இன்னா சொல்லணும்? நீயே சொல்லு" என்று சொல்லிவிட்டு மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

நிஜமா மாமா? கடிக்கிற நாயையா காவலுக்கு வைத்தீர்கள்? ஸ்டேஷனுக்குப் போகட்டுமா? உடனே பதில் போடுங்கள்.

உங்கள்
அம்முலு

ஐதராபாத்
17-3-1979

அன்புள்ள அம்முலுவுக்கு,

ஆசீர்வாதம். கடிதம் பார்த்ததிலிருந்து தூக்கமில்லை. ஸ்டேஷன் பக்கம் தலைவைத்தும் படுக்காதே.

இது ராணுவ ஆராய்ச்சிக்கூடம். போலீஸ் விசாரித்து நல்லபடி எழுதினால்தான் என் வேலை நிரந்தரமாகும். கடன்பட்டவன் காசுக்காக ரகசியத்தை விற்பான் என்று சந்தேகப்படுவார்கள். அதனால் கடன் உண்டா என்று கேட்ட இடத்தில் இல்லை என்று எழுதிவிட்டேன். ஊரில் மதிப்புள்ளவர் பேர் வேறு கேட்டார்கள். எனக்கு வேலை நிலைத்தால்தானே பச்சமுத்துவுக்குப் பணம் வரும், அதனால் நல்லபடி சொல்வான் என்று அவன் பேரைப் போட்டேன்.

இப்போது நீ புகார் கொடுத்தால் கடன் வெளியே வந்துவிடும். ஆபீசர் கேட்டால் கிணற்றுமேட்டில் வழுக்கி விழுந்தேன் என்று சொல். பச்சமுத்து பசுவைக் கேட்டாலும் ஓட்டிவிடு. மோட்டாரை மட்டும் விற்றுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள். புதிது வாங்க முடியாது.

அன்புடன்,
வரதன்

பெருநகர்
2-4-1979

மாமாவுக்கு,

நீங்கள் சொன்னபடி வாயைப் பொத்திக்கொண்டேன். பசுவை ஓட்டிக்கொண்டு போனான். எளியவன் பெண்டாட்டி எல்லோருக்கும் மச்சினி என்பது சும்மாவா? வெள்ளிக்கிழமை மத்தியானம் குடித்துவிட்டுத் தனியாக வந்தான். "நீதான் வாயத் தொறக்க மாட்டியே!" என்று என் தலைமயிரைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்தான்.

நல்ல கையால் உலக்கையை எடுத்து அவன் மண்டையில் போட்டேன். ரத்தம் அடுப்பு வரைக்கும் தெறித்தது. விழுந்தவன் எழப் பார்த்தான். இன்னொரு தரம் போட்டேன். செத்துவிட்டான் என்றே நினைத்தேன். சாகவில்லை, செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். எனக்கு வருத்தமில்லை.

மறுநாள் உங்களைப் பற்றி விசாரிக்க ஆபீசர் வந்தார். திண்ணையில்கூட உட்காரவில்லை. என் கைக்கட்டைப் பார்த்துவிட்டு, "ரொம்ப வலிக்குதாம்மா?" என்றார். அதற்கப்புறம் வழுக்கி விழுந்த கதை என் வாயில் வரவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "கல்யாணக் கடன் யாருக்கும்மா இல்ல? அதை எழுதியிருந்தா ஒரு கேள்வியோட போயிருக்கும். மறைக்கிறவனைத்தான் எவன் வேணும்னாலும் மிரட்டலாம். இந்தப் பச்சமுத்து மிரட்டலையா? உங்க வீட்டுக்காரரை உள்ளதை உள்ளபடி எழுதி உடனே மேலதிகாரிகிட்ட குடுக்கச் சொல்லுங்க. அப்பவும் உறுதி சொல்ல முடியாது, ஆனா வழி இருக்கு" என்றார். அவரே என்னை ஸ்டேஷனுக்கு அழைத்துப்போய்ப் புகாரும் எழுத வைத்தார். பச்சமுத்து மேல் ஒரு கேஸ், என் மேல் ஒரு கேஸ்.

உங்கள் கடிதத்தை நாலைந்து தரம் படித்தேன். மோட்டாரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கை வலிக்கிறதா என்று ஒரு வரி இல்லை. அதைக் கேட்க முன்பின் தெரியாத ஒரு போலீஸ்காரர் வரவேண்டியிருந்தது.

உண்மையை எழுதிக் கொடுங்கள். உங்கள் வேலை நிலைக்கட்டும், மனதார வேண்டிக்கொள்கிறேன். நான் ராஜகுளத்துக்கு, அம்மா வீட்டுக்குப் போகிறேன். கூப்பிட வராதீர்கள்.

அம்முலு