விரிப்புக் கடையில் சின்னவள்

அன்புள்ள பெரியவனுக்கு,

நானும் உன் அம்மாவும் நலம். நீயும் மருமகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். மூன்று பேரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், உன் தங்கையிடம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. பேனா மேல் பழி போடுவது எனக்குப் பள்ளிக்கூடத்துப் பழக்கம், கண்டுகொள்ளாதே. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, மாத்திரையை மட்டும் நிறுத்திவிட்டாள். குளியலறைக் குழாயை நானே சரிசெய்தேன், முன்பு சொட்டியது, இப்போது ஒழுகுகிறது.

சின்னவள் போய்வந்த ஆலோசனை மையத்தை மூடிவிட்டார்கள். அரசாங்கம் கொடுத்துவந்த மானியம் இந்த வருடம் இல்லையாம். புருஷனிடம் அடிபட்டு வந்த நாளிலிருந்து, எங்களிடம் சொல்லாததையெல்லாம் அவள் அங்கே ஆலோசகர் அம்மாவிடம்தான் சொல்லிவந்தாள். நான் வெளியே பெஞ்சில் தூங்கிவழிவேன், அவள்தான் என்னை எழுப்பிக் கூட்டிவருவாள். குளிக்கும்போது பாடக்கூட ஆரம்பித்திருந்தாள். என்ன பாட்டென்று கேட்காதே, தொண்டை என்னுடையது. மானியம் கேட்டு மற்ற பெற்றோர்களோடு நானும் அதிகாரியைப் பார்க்கப் போனேன். கெட்டவர் இல்லை, உட்காரச் சொன்னார். "ரோடு போட்டா இத்தனை கிலோமீட்டர்னு மேல காட்டலாம் பெரியவரே, ஒருத்தரோட பயம் குறைஞ்சதை நான் எதுல அளந்து காட்டுறது?" என்றார். அந்தப் பாட்டைச் சொல்லியிருக்கலாம். எனக்குப் பதில் எப்போதும் செருப்பை மாட்டிய பிறகுதான் வரும்.

ஆலோசகர் அம்மாவுக்கும் வயிறு இருக்கிறதே, கடைத்தெருவில் படுக்கைவிரிப்பு விற்கும் கடையில் சேர்ந்துவிட்டார். கேள்விப்பட்டதும் சின்னவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் ஒவ்வொரு விரிப்பாக உதறிப் போடுவார், இவள் ஓரத்தைத் தடவிப் பார்ப்பதுபோலக் குனிந்து மெதுவாகப் பேசுவாள். மேற்பார்வையாளரைப் பிடித்து நிறுத்துவது என் வேலை. சாயம் போகுமா, சுருங்குமா என்று கேட்டே அவர் உயிரை வாங்கினேன், என் வாய்க்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே உருப்படியான உத்தியோகம். சும்மா திரும்பிவர முடியுமா, நம் வீட்டில் இப்போது தலைகளைவிடத் தலையணை உறை அதிகம். ஒருநாள் இன்னொருவரும் அதே சாயக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார், மையத்துப் பெஞ்சில் பார்த்த முகம், அவருடைய மகளும் ஒரு விரிப்பின் மேல் குனிந்திருந்தாள். இரண்டு பேரும் தெரியாததுபோல நின்றோம். நம் வீட்டுக்கு வாருங்கள் என்று ஆலோசகர் அம்மாவைக் கூப்பிட்டும் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமையும் கடை உண்டு, வீட்டில் மாமியார் படுத்த படுக்கை, மற்ற பெண்களும் கூப்பிடுகிறார்கள், யாரிடம் மாட்டேன் என்பது என்றார்.

போன வாரம் சின்னவள் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லத் தொடங்கியிருக்கிறாள். அந்த நேரம் பார்த்து எனக்குக் கேள்வி தீர்ந்துபோயிற்று. மேற்பார்வையாளர் என்னைத் தாண்டிப் போய், அங்கே ஆள் நிற்கிறது, நீலத்தைக் காட்டு என்று ஆலோசகர் அம்மாவை அனுப்பிவிட்டார். சின்னவள் பாதிப் பேச்சோடு நின்றாள். திரும்பி வந்த ஆலோசகர் அம்மாவுக்குக் கண் கலங்கியிருந்தது. "இனிமே இங்க வராதம்மா. பாதியில விட்டுட்டுப் போற ஆள்கிட்ட இதையெல்லாம் சொல்லக் கூடாது, உனக்கு வலிதான் கூடும்" என்றார். இவள் விரிந்து கிடந்ததை மூலைக்கு மூலை சேர்த்து மடித்துக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அன்றிலிருந்து எதைக் கேட்டாலும் நல்லா இருக்கேன்பா என்கிறாள். மானியத்துக்கு இன்னொரு மனு போடலாம் என்று மற்ற பெற்றோர்கள் சொல்கிறார்கள், கையெழுத்துப் போடுவேன், நடக்கும் என்று தோன்றவில்லை. நானே கேட்கிறேன் என்று ஒருநாள் அவள் எதிரில் போய் உட்கார்ந்தேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உங்களால தாங்க முடியாதுப்பா" என்றாள்.

நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, மருமகளிடம் குரலை உயர்த்தாதே. இரண்டு பேரும் மனம் ஒத்து நீண்ட காலம் வாழ எங்கள் ஆசி. தங்கைக்குப் போன் செய்ய மறக்காதே, எப்படி இருக்கிறாய் என்று மட்டும் கேட்காதே. எடுக்காவிட்டாலும் உடனே வைத்துவிடாதே, மணி அடித்து ஓயும்வரை அவள் போனுக்குப் பக்கத்திலேதான் உட்கார்ந்திருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா