சவுடு மண்ணுக்குக் கிடைத்த நற்சான்று

அனுப்புநர்:
இரா. பகலவன் (வயது 50),
முதுநிலை வேதியியல் ஆசிரியர்,
மேலப்பூங்குளம், திருவையாறு வட்டம்,
தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
தஞ்சாவூர்.

பொருள்: டீசல் கசிந்த வயலில் பிழையாக மாதிரி எடுத்துத் தரப்பட்ட அறிக்கையை நீக்கவும், புரட்டாசி நடவுக்குள் கெட்ட மண்ணை அகற்றவும் ஆணை வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: மறுஆய்வு அறிக்கை, நாள் 12.08.2024.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஊர்ச் சாலையோரப் பெட்ரோல் பங்கை ஒட்டி, என் சின்னம்மா திருமதி காளியம்மாளுக்கு இரண்டு மா (சுமார் 66 சென்ட்) நிலம் உள்ளது. பிறர் வயலில் கூலிக்கு நட்டுச் சேர்த்து வாங்கியது. வேறு நிலம் இல்லை. கடந்த மே மாதக் கடைசியில் குறுவைக்குச் சேறடித்தபோது நீரின்மேல் டீசல் படலம் மிதந்தது.

2. பங்க் உரிமையாளர் அமர்த்திய தனியார் ஆய்வு நிறுவனத்தார் 10.06.2024 அன்று மாதிரி எடுத்து, மண்ணில் மாசில்லை என அறிக்கை தந்தனர். அதைக் காட்டி, மண்ணை அகற்ற உரிமையாளர் மறுத்துவிட்டார். குறுவை போயிற்று.

3. இதில் என் பிழையும் உண்டு. வெளியூரார் வயலைப் பார்க்க வந்தால் கால் சேறாகாமல் பாதை போட்டுக் கொடுப்பது எங்கள் பக்கத்து மரியாதை. முதல் நாளே வெளியிலிருந்து ஒரு டிப்பர் செந்நிறச் சவுடு மண் கொட்டி, வயலுக்குள் முப்பதடிக்குப் பாதை போடச் சொன்னவன் நானே. வந்தவர்கள் அந்தப் பாதையிலேயே நின்று, அதையே தோண்டினர். “எறங்குனா பூட்ஸு போயிடும்ங்க. எல்லாம் ஒரே மண்ணுதானே” என்றார் ஒருவர். “பொறந்ததுலேருந்து சேத்துலதான் நிக்கிறோம் தம்பி, எங்களுக்கு என்ன கொறஞ்சு போச்சு?” என்று சின்னம்மா கேட்டும் அவர்கள் இறங்கவில்லை.

4. மாதிரியைக் கண்ணாடிக் குடுவையில் இடாமல் பாலித்தீன் பையில் இட்டனர். பனிக்கட்டிப் பெட்டி கொண்டுவரவில்லை. குழிக்குக் குழி மண்வெட்டியைக் கழுவவில்லை. பைகள் காலை 11.20 முதல் பிற்பகல் 2.45 வரை வேனின் கூரைமேல் வெயிலில் கிடந்தன. நேரத்தை அப்போதே குறித்துக்கொண்டேன். டீசலின் ஒரு பகுதி வெயிலில் ஆவியாகிவிடும் என்பதை என் பதினோராம் வகுப்பு மாணவரும் அறிவர். பைகள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயின என்பதற்கும் ஒரு சீட்டுக்கூட இல்லை.

5. நான் ஆட்சேபித்தபோது, “வாத்தியாருக்கு வேற வேலை இல்ல” என்று பங்கில் சிரித்தனர். ஆனால் அவர்கள் அறிக்கையே எனக்குச் சாட்சியாக வாய்த்தது. அதன் நான்காம் பக்கத்தில் ‘செந்நிறமான, மணற்பாங்கான மண்’ என்று உள்ளது. சின்னம்மாவின் வயலோ கால் வைத்தால் விடாத கருங்களி. ஆக, மாசற்றது எனச் சான்று பெற்றது அவர் வயல் அன்று. நான் கொட்டிய சவுடு.

6. இதைச் சுட்டிய என் மனுவை ஏற்றுத் தாங்கள் மறுஆய்வுக்கு ஆணையிட்டீர்கள். 23.07.2024 அன்று வந்த குழுவினர் முழங்கால் சேற்றில் இறங்கினர். கண்ணாடிக் குடுவைகளை விளிம்புவரை நிரப்பி, பனிக்கட்டியில் வைத்து, கைமாறிய ஒவ்வொரு இடத்திலும் கையொப்பம் பெற்றனர். ஒரே குழியின் மண் இரு வேறு எண்களில், ஆய்வகத்துக்குச் சொல்லாமலே அனுப்பப்பட்டது. கிலோவுக்கு ஒன்றில் 3,840 மில்லிகிராம் டீசல், மற்றதில் 3,790. ஒப்பீட்டுக்காகப் பங்கிலிருந்து தொலைவிலுள்ள வயலிலிருந்து அனுப்பிய மண்ணில் ஏதுமில்லை. ஐயத்துக்கு இனி இடமில்லை. அறிக்கையை வாசித்துக் காட்டியதும் சின்னம்மா, “நான் மூக்காலயே சொன்னேன். இவங்க மிஷினு ரெண்டு மாசம் கழிச்சுச் சொல்லுது” என்றார். அன்று தெருவே சிரித்தது.

7. எனவே, முதல் அறிக்கையை நீக்கவும், பங்க் உரிமையாளரின் செலவில் கெட்ட மண்ணை வெட்டி அகற்றி, நல்ல களிமண் நிரப்பித் தரவும், புரட்டாசி நடவுக்கு முன் பணி முடியுமாறு நாள் குறித்து ஆணையிட வேண்டுகிறேன். சம்பா நாற்றுக்கு விதை ஊறவைக்கச் சின்னம்மா அந்த நாளைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

8. மறுஆய்வையும் எவரேனும் மறுப்பாராயின், அதே குழியின் மூன்றாவது குடுவை வட்டாட்சியரின் அரக்கு முத்திரையுடன் உறைகுளிரில் உள்ளது. மறுப்பவர் குறிக்கும் ஆய்வகத்தில், அவர் கண்ணெதிரிலேயே முத்திரையை உடைத்துச் சோதித்துப் பார்க்கலாம். எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,

(ஒப்பம்)
இரா. பகலவன்

இடம்: மேலப்பூங்குளம்
நாள்: 16.08.2024